மூன்றா எட்டா

ரிச்சி தெருவில் பேரம் படிந்தபோது
நானூற்றைம்பது ரூபாய்.
இரண்டு ஆன்டெனாவில் ஒன்றுக்குக் கழுத்துச் சுளுக்கு.
அடாப்டர் வேறு எதனுடையதோ.
"ஓடும் மேடம், ஓடலைன்னா கொண்டாங்க."
ஓடாத நாளில் அவன் அங்கே இருப்பானா
என்று நான் கேட்கவில்லை.

முதுகில் ஒட்டிய சீட்டில்
பதிப்பு எண் பாதி தேய்ந்திருந்தது.
மூன்றென்றால் ஒரு கோப்பு.
எட்டென்றால் வேறு கோப்பு.
மாற்றி ஏற்றினால் ரவுட்டர் இல்லை, செங்கல்.
டார்ச் அடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன்,
பென்சில் தேய்த்துப் பார்த்தேன்.
பார்வைக்கு ஓர் எண்.

எங்கள் வீட்டில் மின்சாரம்
சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும்.
ஆகவே பட்டாளம் மார்க்கெட் பக்கம்
இஸ்ரவேல் அண்ணன் ஜெராக்ஸ் கடை.
அங்கே ஒரு யுபிஎஸ் உண்டு.
கால் மணி நேரம் தாங்கும் என்பார்.
தாங்கியதைப் பார்த்தவர் யாருமில்லை.

லேமினேஷன் மெஷினை ஒதுக்கி லேப்டாப்பை வைத்து
நீல வயரைச் செருகினேன்.
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
திறந்தது.

உள்ளே இன்னொருவர் வீடு அப்படியே இருந்தது.
வலையின் பெயர் கல்பனா டூ பி.
இணைந்தவர் பட்டியலில்
கல்பனா போன், சார் லேப்டாப், ஹால் டிவி,
நிகில் போன்.
நிகிலுக்கு மட்டும்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தடை.
ஞாயிறும் விடுப்பில்லை.
எந்தப் பரீட்சைக்கு இந்தத் தண்டனை,
பத்து அடித்ததும் யார் வீட்டு அலையைத் தேடி
பால்கனி ஓரம் நின்றானோ.
விற்கும்போது தூசியைத் துடைத்திருக்கிறார்கள்.
இதைத் துடைக்கவில்லை.

மொத்தம் நான்கு எம்பி இடம்.
ஒரு கல்யாண போட்டோ கொள்ளாது.
அதற்குள்தான் பழையது போய்ப் புதியது வரவேண்டும்,
ஒண்டுக்குடித்தனத்தில்
ஒரு குடும்பம் கட்டில் இறக்கும்போதே
அடுத்த குடும்பம் பால் காய்ச்சுவதுபோல.

மூன்று என்று முடிவு செய்தேன்.
காரணம் கேட்காதீர்கள்.
அழுத்தியதும் திரையில் எச்சரிக்கை:
மின்சாரத்தைத் துண்டிக்காதீர்.

துண்டித்தது வாரியம்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.
மேசைக்கடியில் யுபிஎஸ் வீறிட்டது.
அந்நேரம் பார்த்துப் படியேறினாள் ஒருத்தி,
மழைக்குப் பயந்து துப்பட்டாவில் சுருட்டிய
ஹால் டிக்கெட்டோடு.
"அண்ணா ரெண்டு காப்பி. நாலரைக்குள்ள உள்ள போவணும்."
அண்ணன் கை மெஷின் சுவிட்சுக்குப் போனது.
"வேணாம்ணா!"
நான் போட்ட கூச்சலில்
எதிர்க்கடை மீன்காரர் கத்தியை நிறுத்தினார்.
அந்த மெஷின் ஒருமுறை சூடேறினால்
யுபிஎஸ் படுத்துவிடும்,
அதோடு இதுவும்.
"மூணே நிமிஷம்மா."
"இந்த டப்பாவுக்கா?" என்றாள்.
கோபம்தான். ஆனாலும் வாட்ச்சைக் கழற்றி
மேசைமேல் வைத்தாள், எனக்குத் தெரியும்படி.

மூவரும் ஒரு மிளகளவு விளக்கைப் பார்த்தோம்.
எரிந்தது. அணைந்தது.
அணைந்தே இருந்தது.
அண்ணன் மெதுவாக "ஏசுவே" என்றார்,
பாக்கி வைத்தவரைக் கூப்பிடும் குரலில்.
"மூணு தாண்டிடுச்சு" என்றாள் அவள்.
விளக்கு விக்கியது.
மறுபடி விக்கியது.
பிறகு நின்று எரிந்தது.

"எடுங்கண்ணா" என்று வயரைப் பிடுங்கினேன்.
முதல் நகல் வந்தது.
இரண்டாவது தாள் பாதியில் சிக்க, கடை இருண்டது.
இழுத்தெடுத்ததில் அவள் முகம் நெற்றிவரை இருந்தது.
விரல் பட்டதும் அதுவும் கரியாகக் கலைந்தது.
"ஒண்ணு போதும்."
ஓடிவிட்டாள். காசு தரவில்லை.
வாட்ச்சையும் எடுக்கவில்லை.

இரவு வீட்டில் மாட்டினேன்.
அதன் நாட்காட்டியில் இன்னும் போன ஐப்பசி.
நாடு என்ற கட்டத்தில் உலகம் என்று இருந்தது.
கடவுச்சொல் இல்லை, தடைப் பட்டியல் காலி.
வலைக்குப் பெயர் கேட்டது.
நிகில் என்று அடித்தேன். அழித்தேன்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.

பத்து மணிக்கு ஒருதரம் எழுந்து பார்த்தேன்,
பழைய பழக்கம் ஏதும் மிஞ்சியிருக்குமோ என்று.
எரிந்துகொண்டுதான் இருந்தது.
பக்கத்தில் அவள் வாட்ச்,
நாளை கடையில் கொடுக்க வேண்டும்.

கையிலெடுத்துத் திருப்பினேன்.
இப்போது பார்த்தால்
எட்டு மாதிரிதான் தெரிகிறது.