மாறிலி

மூன்றாம் முறையாகப் படிவத்தில்
இரசாயனவியல் என்று எழுதுகிறேன்.
மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள்.
மஸ்கெலியாப் பக்கம், ஸ்டோரில் இரவு பதினொரு மணி.
பேனாவிலும் மசகெண்ணெய் வாடை.

எதுக்குத் தம்பி அது, என்றார் செபமாலை அண்ணன்
ரோலர் இரைச்சலுக்கு மேல் கத்தி.
படிச்சவனும் கொழும்புல கடையிலதான் நிக்கிறான்,
படிக்காதவனும் கடையிலதான் நிக்கிறான்.

சரிதான்.
பதில் சொல்ல வாயெடுத்தேன்,
அடுத்த கொட்டல் வந்துவிட்டது.

இப்போது சொல்லிப் பார்க்கிறேன்,
எனக்கே கேட்காத குரலில்.

மேல்மாடியில் பதினாலு மணிநேரம் கிடந்து
தண்ணீரைக் காற்றிடம் கொடுத்துவிட்டு
இறங்கி வருகிறது இலை.
ரோலரில் நெரிபடும்போது
தனித்தனி அறையில் இருந்த இரண்டு சாறுகள்
சுவர் இடிந்து சந்தித்துக்கொள்கின்றன.
மூன்றாவது ஆளாக ஒட்சிசன்.
அது யாரும் கூப்பிட்டு வருவதில்லை.
பச்சை செம்பாகிறது.
புல் வாசம் மெல்லப் போய்
கனிந்த பேரிக்காய் வாசம்.

இதைத்தான் இங்கே 'புளிக்கப் போடுறது' என்கிறோம்.
புளிக்கவே இல்லை அது.
கள்ளு முட்டியா இது? கிருமி ஒன்றும் வேலை செய்யவில்லை.
ஒட்சியேற்றம்.
பெயரை மாற்றினால் தேத்தண்ணி ருசி மாறாது, தெரியும்.
ஆனாலும் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த இரவு
எனக்குத் தூக்கம் வரவில்லை.
லயத்துக் கூரைத் தகரம் தின்னப்படுவது,
அடுப்பில் சவுக்கு விறகு எரிவது,
இதோ, நான் விடுகிற மூச்சு,
எல்லாவற்றிலும் அதே ஆள்தான்
கதவு தட்டாமல் நுழைந்து உட்கார்ந்திருக்கிறான்.

முதல் முறை F.
வருஷத்தின் பாதியில் டீச்சர் கண்டிக்கு மாற்றலாகிப் போனார்.
அளவியைப் படத்தில்தான் பார்த்தேன்.
காரத்தில் பினோத்தலீன் இளஞ்சிவப்பாகும் என்பதை
கறுப்புவெள்ளைப் போட்டோகொப்பியில்
மனப்பாடம் செய்தவன் நான்.
இரண்டாம் முறையும் F. அதற்குக் காரணம் சொல்ல ஏதுமில்லை.

ஆனால் ஒரு விதி மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது.
திணிவு ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை.
நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும்.
மிச்சம் ஆவி. மலைக்கு மேலே நிற்கும்.
கணக்குத் தீர்ந்தது.

அம்மா பறித்தது பதினெட்டு.
மடுவத்தில் எழுதியது பதினாறு.
தண்ணிக்கு ரெண்டு கிலோ, என்றார் கணக்கப்பிள்ளை,
தராசைப் பார்க்காமலே.

செய்முறைக் கொப்பியின் பின்பக்கம் வெறுமையாய் இருந்தது.
கோடு போட்டேன்.
மழை நாள், தூறல் நாள், பனி நாள், வெயில் நாள்.
ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளை
நாற்பது நாள் நடத்திய ஒரே பரிசோதனை.

பங்குனியில் தொடர்ந்து பதினொரு நாள் ஒரு சொட்டு இல்லை.
கொழுந்து உள்ளங்கையில் காகிதம்போல் சலசலத்தது.
வெட்டு, இரண்டு கிலோ.
கொட்டுகிற மழையில் சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது.
வெட்டு, இரண்டு கிலோ.

மழை மாறி.
வெயில் மாறி.
மாறவே மாறாததற்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர்
மாறிலி.

பொருள் தொலைவதில்லை என்றால்
அது எங்கோ இருக்கிறது.
சமன்பாட்டின் இந்தப் பக்கம் காணாதது
அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது.
இதைக் கேட்கப் பழக்கிய பாடத்தை
வேறு எதற்காக விடுவேன்?

கொப்பியை விரித்து செபமாலை அண்ணனிடம் நீட்டினேன்.
எண்ணெய்க் கை படாமல்
விரல் நகத்தால் ஒவ்வொரு வரியாக இறங்கினார்.
வெயில் நாட்களில் இரண்டு தடவை நின்றார்.
படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயசோதிக்கும் ஒரு பக்கம் போடு, என்றார்.
அவர் மனைவி. ஏழாம் நம்பர் மலை.
அவளுக்கு மூணு வெட்டுறானுங்க.

அதற்குள் வாசம் திரும்பிவிட்டது.
இனி ஒரு நிமிஷம் தாமதித்தாலும் தூள் கெடும்.
படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
இரண்டு பேருமாய் அள்ளி
உலை வாய்க்குக் கொண்டுபோனோம்.