போய்ப் பார்

உலை அணையக் கூடாது என்றார்கள்.
வெள்ளி இரவு பத்திலிருந்து
திங்கள் காலை ஆறு வரை நேரம் உங்களுடையது.
ஆனால் வார்ப்பு ஊற்றிக்கொண்டே இருப்போம்,
லாரி வந்துகொண்டே இருக்கும்.
காதும் காதும் வைத்தாற்போல் முடியுங்கள்.

தூங்குகிறவன் தலைக்கடியிலிருந்து
தலையணையை உருவி
வேறொன்றைச் செருகும் வேலை.
தூங்குகிறவன் ஒரு பம்ப் தொழிற்சாலை.

வார்க்கௌஸ். பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
ஜன்னலுக்கு வெளியே ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த யூசோ
சுவரில் ஒட்டிய தாளில்
நூற்றுப் பதினேழு படிகள்.
மூன்று முறை ஒத்திகை பார்த்தாயிற்று.
மூன்றாவதில்தான்
எல்லோருக்கும் சம்பளம் சரியாக வந்தது.

நாற்பத்தொன்றாம் படியில் நின்றுபோனது.
பித்தளை வளையம் 4471, இருப்பு: மைனஸ் மூன்று.
வெளியே மைனஸ் இருக்கலாம்,
புதிய மென்பொருளுக்குள் இருக்கக் கூடாதாம்.
இல்லாததிலும் மூன்று குறைவு
என்றால் எப்படியிருக்கும் அந்த அலமாரி?
டார்ச்சோடு போனேன்.
பதினொன்று இருந்தது.
எண்ணெய்த்தாளில் சுற்றி, பளபளவென்று.

"மீந்த பித்தளையில் இரவில் கடைந்தது"
என்றார் ஒஸ்மோ, தலை நிமிராமல்.
"எழுத இடமில்லை. அதனால் எழுதவில்லை."
பதினொன்று என்று தட்டினேன்.
பன்னிரண்டு வருடத்துப் பொய்
ஒரு பொத்தானில் தீர்ந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று.
இருநூற்றுப் பதினான்கு பொருட்களின் குறிப்புக் கட்டத்தில்
ஒரே வரி: தைஸ்தோவைக் கேள்.
தைஸ்தோ ஓய்வு பெற்று ஆறு வருடம்.
சனிக்கிழமை மதியம் கூப்பிட்டேன்.
பனியில் துளை போட்டு
மீனுக்கு உட்கார்ந்திருந்தார்.
ஃபோன் முழுக்கக் காற்று.
ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன்.
ஏழாவதில் நிறுத்தச் சொன்னார்.

"மிர்யா, எனக்கு அப்போதும் தெரியாது.
கேட்பார்கள். எழுந்து போய்ப்
பார்த்துவிட்டு வந்து சொல்வேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
எங்கள் ஊரில் அது மரியாதை.
பிறகு தூண்டில் இழுக்கிறது என்று வைத்துவிட்டார்.

கட்டத்தை வெற்றாக விடக் கூடாது என்றான் யூசோ.
இருநூற்றுப் பதினான்கிலும் நிரப்பினேன்:
போய்ப் பார்.

ஞாயிறு இரவு ஒன்று முதல் ஐந்து வரை
பழையதைப் பூட்டியாயிற்று,
புதியது இன்னும் திறக்கவில்லை.
அந்த நான்கு மணி நேரம்
தொழிற்சாலைக்கு நினைவு என்று இருந்தது
ஒஸ்மோவின் பென்சில் மட்டும்.
எந்த வார்ப்பு, எத்தனை, யார் எடுத்தார்,
அறுபத்தொரு வரி.
ஒன்றில் காப்பிக் கறை;
ஒன்றா ஏழா, தெரியவில்லை.
போய்ப் பார்த்தோம்.
ஏழு.

காலை ஆறு மணிக்கு
காலை ஷிஃப்ட் வந்தது, தொப்பியில் பனியோடு.
திரையைத் தொட்டார்கள்.
ஒருத்தி, "நிறம் மாற்றியிருக்கிறீர்களா?" என்றாள்.
அவ்வளவுதான்.
மூன்று நாள் தூங்காதவர்களுக்கு
அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆறு பத்துக்கு லேபிள் பிரின்டர்
ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்தது.
யூவாஸ்கூலாவுக்குப் போகும் முப்பத்தெட்டுப் பெட்டி.
எங்கள் எழுத்தில் சிலவற்றுக்குத்
தலையில் இரண்டு புள்ளி வேண்டும்.
புள்ளி போனால் ஒலி போகும்.
நூற்றுப் பதினேழு படிகளில்
புள்ளிக்கென்று ஒரு படி இல்லை.
யூசோவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.
லாரி ஏழரைக்கு.

ஒஸ்மோ சட்டைப்பையிலிருந்து
கறுப்புப் பேனாவை எடுத்து
முதல் பெட்டி முன்னால் குந்தினார்.
பெட்டிக்கு நான்கு புள்ளி.
நான் மறுமுனையிலிருந்து தொடங்கினேன்.
நூற்றைம்பத்திரண்டு.
இருபதாவது பெட்டியருகே
இருவர் தோளும் இடித்துக்கொண்டன.

லாரி ஏழு இருபத்தெட்டுக்குக் கிளம்பியது.