ஐந்து சுற்றுப் பிந்தி

கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
போத்தலுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான்.
போமலினில் மிதப்பவற்றை
றெஜிபோம் பெட்டியில் அடுக்கி
ஏழேகால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் அனுப்புவேன்.
மாசியில் ஒருநாள்
குலவீரசிங்கத்தாரின் பெருங்குடலில் ஒரு சாண்.
நடுவில் கட்டி. இரு முனையிலும் நல்ல திசு.

சனிக்கிழமைகளில் அதே பஸ்ஸில் நானும் போய்
மாணவி ஆகிறேன்.
மெழுகில் சீவிய சுருள்களுக்குள்
இருபத்திரண்டு எழுத்து நீளமான ஒன்றைத் தேடுகிறேன்.
புரதம் ஆகத் தெரியாத ஒன்று.
குப்பை என்று ஒருகாலம் தள்ளிவைத்த வரிகளிலிருந்து வந்தது.
மைக்ரோ ஆர்.என்.ஏ,
இலக்கம் நூற்று நாற்பத்து மூன்று.

மரபணு உள்ளே இருந்து எழுதும்: பெருகு.
தூது அதைச் சுமந்து வெளியே வரும்.
இந்தச் சிறிசு
எழுதினவனோடு சண்டைக்குப் போகாது.
தூதின் வால்பக்கம்
ஏழெட்டு எழுத்துப் பொருந்தினால்
ஒட்டிக்கொள்ளும்.
வாசிக்க வந்தது வாசியாமல் திரும்பும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

திரையில் இரண்டு கோடு.
நல்ல திசுவின் கோடு
இருபத்துநாலாம் சுற்றில் தலை நிமிர்த்தியது.
கட்டியின் கோடு கிடந்தது,
கிடந்தது,
இருபத்தொன்பதில் எழும்பியது.
ஐந்து சுற்றுப் பிந்தினால்
முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கணக்கு.
பட்டியலில் அவர் வெறும் பதினேழு.
பெயர் இருக்கக்கூடாது, விதி.
போத்தலில் ஒட்டியது ஆனால் என் கை.

பை மாற்ற வந்தவர் யன்னலில் நின்றார்.
"பிள்ளை, என்ர துண்டு என்ன சொல்லுது?"

இரணைமடுத் தண்ணீரில்
எட்டாம் வாய்க்காலுக்கு அவர் காவல்.
சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று
கூட்டத்தில் கைதூக்கிப் போனவனே
இரவில் வந்து கட்டை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புவான்.
இவர் சைக்கிளில் போவார்.
ஒரு கூடை மண், நாலு மிதி.
ஆர் வெட்டினது என்று தேடுவதில்லை.
பொலிசுக்குப் போவதில்லை.
விடிய, தண்ணீர் கடைசி வயலுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

உங்களைப்போல ஒன்று ஐயா, என்று தொடங்கி
நிறுத்திவிட்டேன்.
உவமையில் எப்போதும் கொஞ்சம் பொய் கலந்துவிடும்.
அவருடைய துண்டைச் சொல்லாமல்
பொதுவாகச் சொன்னேன்: கட்டளை, தூது, ஒட்டுகிற சிறிசு.
அவரே கட்டிக்கொண்டார் மீதியை.

"அப்ப அந்தக் காவல்காரன் வேலைக்கு வரேல்லை."
வரேல்லை.
"லீவோ, நிப்பாட்டினதோ?"
அதில்தான் இன்னும் ஆளுக்கொரு கதை, ஐயா.
"வேற ஒருத்தனைப் போடுறது?"
போட்டார்கள். எலியில் கட்டி சுருங்கியது.
வேறொரு இலக்கக்காரனை மனிதருக்கு ஊசியில் ஏற்றியபோது
உடம்பே எதிர்த்து நின்றது. பாதியில் விட்டார்கள்.
எதில் பொதிந்து அனுப்புவது,
அந்த ஒரு மடையில் மட்டும் எப்படி இறக்குவது
என்று தெரியவில்லை.

அவர் கொஞ்சநேரம் விரலை மடக்கினார்.
"கு, ல, வீ, ர, சி, ங், க, ம்.
என்ர பேர் எட்டெழுத்து. காணுமோ?"
ஒட்டிக்கொள்ளக் காணும் ஐயா.
முதல்முறையாகச் சிரித்தார்;
பையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

தெல்லிப்பழையில் மூன்றாவது மருந்து முடிந்து
இரண்டு கிழமை.
பாரம் தூக்கக்கூடாது என்று துண்டில் எழுதியிருக்கிறது.
ஆனாலும் நேற்று வாய்க்காலுக்குள்
முழங்காலளவு தண்ணீரில்
ஆளைக் கண்டதாக மருந்துகட்டும் நேர்ஸ் சொன்னாள்.
கூடை அரைவாசிதானாம்.

இந்தச் சனி பதினேழை மறுபடி ஓட்டினேன்,
நான் எங்காவது பிழைவிட்டிருக்கலாம் என்ற ஆசையில்.
இருபத்தாறாம் சுற்றில்
கரண்ட் போனது.