வால்

காளியனுக்கு நான் வால்.
தலை புலேன் சைகியா.
அவனுக்குக் கண்துளை உண்டு, வசனம் உண்டு,
மூங்கில் தாடையைத் திறந்து மூடக் கயிறு உண்டு.
எனக்கு அவன் இடுப்புத் துணியின் முடிச்சும்
போர்வைக்குக் கீழே ஒரு சாண் வெளிச்சமும்.

அந்த ஒரு சாணில்தான்
பதினோரு வருஷமாக ராஸ் பார்க்கிறேன்.
கண்ணன் என்றால் எனக்கு
செம்பஞ்சுக் குழம்பு பூசிய இரண்டு பாதம்.
இந்த வருஷப் பாதத்தில் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது;
உத்பல் சைக்கிளோடு கரைச்சரிவில் உருண்டது
நாம்கர் மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் அது தரையைத் தொட்டதும்
குலவை எழுகிறது, பாய்கள் சரசரக்கின்றன,
நெற்றிகள் ஒவ்வொன்றாக
நான் பார்க்கும் உயரத்துக்கு இறங்கி வருகின்றன.
மனிதமுகத்தை நான் அப்போது மட்டுமே பார்க்கிறேன்.

மத்தள அடிக்கு ஒரு புரளல்.
ஜெனரேட்டர் புகை. முதுகில் மூங்கில் சிராய்.
ஊறவைத்த கடலையை மென்றபடி
ஒரு பொடியன் என்மேல் ஏறி நிற்கிறான்,
கண்ணனுக்கு உதவியாக.

பிறகு அந்த வசனம்.
'ஆற்றை விட்டுப் போ' என்கிறான் உத்பல்,
இன்னும் உடையாத குரலில்.
'எங்கே போவேன், பிரபு?' என்கிறான் புலேன்.
'ஒரு தீவு இருக்கிறது' என்பது பதில்.

மாஜுலியும் தீவுதான்.
இரண்டு ஆவணிக்கு முன்
எங்கள் லுயித் ஆறு
முதல் ராத்திரி மாட்டுக்கொட்டகை,
மறுராத்திரி கிணறு
(கிணற்றை ஆறு குடித்ததைச் சொன்னால் சிரிக்கிறார்கள்),
மூன்றாம் ராத்திரி அடுப்பங்கரை என்று
வரிசை தவறாமல் வாங்கிக்கொண்டது.
இப்போது அணைக்கரையில் தகரக் கூரை.
என்னைப் போகச் சொன்னது ஆறு.
தீவு எதையும் காட்டவில்லை.

பாம்பு வெளியேறும்போது
தலை முதலில் போகும்.
கூட்டம் அதோடு எழுந்து கண்ணன் பக்கம் திரும்பிவிடும்.
வாலைப் பார்க்க யாரும் நிற்பதில்லை.

நேற்று ஒருத்தி நின்றாள்.
மேகலை ஓரத்தில் காய்ந்த சேறு.
மண்டியிட்டாள். தருலதா.
மூழ்கிய எங்கள் வரிசையில் கடைசி வீடு.
என் கால் பக்கம் ஒரு நாணயமும்
ஒரு கை கடலையும் வைத்து
துணிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:
'போறப்போ
ஆத்தையும் கூட்டிட்டுப் போயிடு.'

வாலுக்கு வசனம் இல்லை.
இருந்திருந்தாலும் தெரியவில்லை.
அதற்குள் முடிச்சு இழுத்தது,
போனேன்.

பின்கட்டில் புலேன் தாடையைக் கழற்றி
தேநீர் கேட்டான், பீடி கேட்டான்,
'இன்னிக்கு ஏன்டா கனத்தே?' என்று கேட்டான்.
கால்விரல் இடுக்கில் ஒரு கடலை ஒட்டியிருந்தது.
பசி. தின்றுவிட்டேன்.

இன்றைக்கும் ஆட்டம் உண்டு.
வெளியே போகும்போது
கொஞ்சம் மெதுவாக இழுக்கச் சொல்லவேண்டும்
புலேனிடம்.