இன்சைடு லெப்ட்

ஐம்பத்து மூன்றில் என் பேரில் பத்தொன்பது கோல்.
மில் கிளப் நோட்டில் இருக்கிறது,
கணக்கர் சுந்தரேச ராவ் கையெழுத்தில், ஊதா மையில்.
தேதி, எதிரணி, அடித்தவன் பெயர்.
கொடுத்தவன் பெயருக்கு அவர் கோடு போடவில்லை.

கொடுத்தவன் ஞானாதிக்கம்.
ரிங் ஃபிரேமில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டும் வேலை.
ஐந்தடி மூன்றங்குலம். ஓடமாட்டான்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புழுதி பறக்க
இருபத்தோரு பேர் ஓடுவோம்,
அவன் மட்டும் சந்தைக்கு வந்தவன் போல
கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு நடப்பான்.
பந்து வரும். வெறும் பாதத்தில் ஒரு கணம் தங்கும்.
அப்போது என்னைப் பார்க்கவே மாட்டான்.
பார்க்காவிட்டால் எனக்கு என்று அர்த்தம்.
ஆளில்லாத இடத்துக்கு நான் ஓடவேண்டும்.
போய்ச் சேர்ந்தால்
பந்து முன்னாலேயே வந்து காத்திருக்கும்,
பஸ் ஸ்டாண்டில் மச்சினன் போல.

திருச்சி ரயில்வேயை ஜெயித்த அன்று
என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு
கோரிப்பாளையம் வரை போனார்கள்.
அவன் பெருவிரல் துணிக்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு
இரவு ஷிப்டுக்குப் போனான்.

அடுத்த ஆவணியில் வேலைநிறுத்தம்.
நாற்பத்தொரு நாள் கேட் பூட்டிக் கிடந்தது.
நாற்பத்திரண்டாம் நாள்
பின்வாசல் வழியாக உள்ளே போனவர்களில் நான் ஒருவன்.
வீட்டில் கைக்குழந்தை என்று சொல்லிக்கொண்டேன்.
அவன் வீட்டிலும் இருந்தது. இரண்டு.

மஸ்டரில் அவன் பெயரை வெட்டினார்கள்.
கோலாரில் ஒரு சுரங்கக் கம்பெனி
பந்தாட ஆள் எடுக்கிறதாம் என்று
தகரப் பெட்டியோடு ரயில் ஏறினான்.
தங்கம் வெட்டப் போறான் என்றது ஊர்.
மாதம் எழுபத்தைந்து ரூபாய், ஒரு ஜோடி பூட்ஸ்,
லைன் வீட்டில் ஓர் அறை.
அவ்வளவுதான் தங்கம்.

அவன் போனபின் எனக்கு மூன்று கோல்.
அதில் ஒன்று முதுகில் பட்டு உள்ளே போனது.
பேக் ஆடு என்று பின்னால் தள்ளினார்கள்.

ஐம்பத்தேழு, தை. பொங்கல் டோர்னமெண்டுக்குத் தங்கவயல் வந்தது.
முன்தலையில் முடி குறைந்திருந்தான்.
கை குலுக்கும் வரிசையில்
எல்லார் கையையும் போலத்தான் என் கையையும்.

இரண்டாம் பாதி. பந்து அவனிடம்.
என்னைப் பார்க்கவில்லை.
என் கால் கிளம்பிவிட்டது.
தடுக்கத்தான் ஓடினேன் என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன்.
பொய்.
பழகின கால். அந்த இடம் தனக்குத்தான் என்று ஓடியது.
பந்தும் அங்கே இருந்தது.
வாங்கி நிமிர்ந்தால்
எதிரே எங்கள் கோல். கோலி இருளாண்டி
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு
'யோவ், யாருக்குய்யா ஆடுற?'
நின்றுவிட்டேன்.
மீசை முளைக்காத அவர்கள் லெப்ட் அவுட்
என் காலடியிலிருந்து பந்தை எடுத்துப் போய்
உள்ளே போட்டான்.

ஞானாதிக்கம் சிரித்தான்,
அன்றைக்கு ஒரே ஒரு தடவை.

நோட்டில் அந்தப் பையன் பெயர் இருக்கிறது,
எழுத்துப் பிழையோடு.
கொடுத்தவன் பெயருக்கு அப்போதும் கோடு இல்லை.
நல்லவேளை.