எங்கும் போகாத தோணி

யூகலிப்டஸ் மரத்தைக் குடைந்த ஒற்றைத் தோணி.
துடுப்பை வலப்பக்கம் போட்டால்
இடப்பக்கம் கோபித்துக்கொண்டு திரும்புகிறது.
புன்யோன்யி ஏரி நடுவில்
அதே மூன்று மலைகளை நாலாவது முறையாகப் பார்த்தேன்.

ஆட்டோடு அக்கரை போகும் பெண்
துடுப்பை நிறுத்திக் கேட்டாள்:
"தனியாகவா? எந்த வீட்டில் சாவு?"
எங்குமில்லை என்றேன்.
ஆடு நம்பவில்லை.

பிறகு நான் முயலவில்லை.
கோரைப் பக்கமாய்த் தோணியே போய்ச் சாய்ந்தது.
அவித்த சர்க்கரைவள்ளியைத் தோலோடு தின்றேன்.
மழை எதிர்மலையில் மட்டும் பெய்துவிட்டு
ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போயிற்று.
ம்பராராவில் இந்நேரம் என் நாற்காலியில்
என் கோட்டு உட்கார்ந்து வேலை பார்க்கும்.

மாலையில் படகுக்காரர் திபமான்யா
பாதி வாடகையைத் திருப்பித் தந்தார்:
"நீங்கதான் எங்கேயும் போகலையே, நின்சீமா."

பஸ் ஏறிய பிறகும்
மூன்று மலைகளும் என்னை வலம் வந்துகொண்டிருந்தன.