பின்-இடது

வவுனியாவில், ஜப்பான் பழைய சாமான் கடையில்
பன்னிரண்டாயிரம் சொன்னதை
ஒன்பதரைக்குப் பேசி எடுத்தேன் இந்த அம்ப்பை.
அம்மிக்கல் பாரம்.
நெடுங்கேணி பஸ்ஸில் மடியில் வைத்திருக்க
கொண்டக்டர் இரண்டு டிக்கற் கிழித்தான்.
பக்கத்துச் சீற்காரர் கேட்டார்: "மைக்ரோவேவோ தம்பி?"
ஓம் என்றேன்.
விளங்கப்படுத்தி முடிய ஒட்டுசுட்டான் வந்துவிடும்.

ஜப்பான்காரனுக்கு நூறு வோல்ற் காணும்.
எங்களுக்கு இருநூற்று முப்பது என்று கடதாசி சொல்லும்.
நான் மீற்றர் வாசிக்கிறவன், எனக்குத் தெரியும்:
பின்னேரம் தோட்டங்களில் மோட்டர் எல்லாம் கிளம்பினால்
நூற்றெழுபது.
அரிசி ஆலையும் சேர்ந்தால்
ரியூப்லைற் கண்ணடிக்கும்.
ஆகவே ஒரு ஸ்டெப்-டவுன்,
அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர்,
அதற்கும் முன்னால் ஒரு கும்பிடு.

முதற் கிழமையே உள்ளுக்குப் பல்லி.
கப்பாசிற்றருக்கும் தகரத்துக்கும் நடுவில் இரண்டு முட்டை.
அவை பொரிக்கும்வரை
நான் படம் பார்க்கவில்லை.
சுகிர்தா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஐந்து பெட்டி, ஐந்தும் ஐந்து தாய்ப்பிள்ளை.
முன் இரண்டும் முள்ளியவளையில்
இழுத்துப் பூட்டிய வீடியோக் கடையில் வந்தவை.
நடுவில் உள்ளது கிளிநொச்சி ஏலம்.
பின்-வலது மச்சான் ரஜீபன் தந்தது,
ஏன் தந்தான் என்பது போட்டுப் பார்த்தபின் விளங்கியது.
பின்-இடது மட்டும் என் கை.
பலகை அறுத்து, பசை பூசி,
பழைய தலையணைப் பஞ்சு அடைந்து செய்தேன்.
முதல் மாரிக்கே ஒரு மூலை ஊதிப்போனது;
சத்தம் ஊதவில்லை.

கொப்பியில் அளவெல்லாம் இருக்கிறது.
கதிரையிலிருந்து முன்-இடது இரண்டு மீற்றர் பத்து,
பின்-இடது ஒன்று எண்பது,
காது நிலத்திலிருந்து தொண்ணூற்றெட்டுச் சென்ரிமீற்றர்.
அளந்தது அவளுடைய தையல் நாடாவால்.
காது என்னுடையது.

ஞாயிறு இரவு, ஆலை ஓடாத நேரம்,
மழைக் காட்சி ஒன்று போட்டேன்.
முன்னாலே தொடங்கி
வலப்பக்கத்தால் சுற்றி
பின்-இடதில் ஓட்டுக்கூரையில் கொட்டும் மழை.
மயிர் கூச்செறிந்தது எனக்கு.
"எப்பிடி? எங்கயிருந்து வந்தது?"

"மழை கேட்டது.
எங்கயிருந்து எண்டு என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

ஒரு காதுக்குத் திசை இல்லை.
எனக்குத் தெரியும்.
பொம்பிளை பார்த்த அன்றே சொன்னவள்:
பதினொரு வயது, இடது காது, மாத்தளன்.
மூன்று சொல்லில் முடித்துவிட்டு
தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்டாள்.
ஏழு வருடம் அவள் எப்போதும்
சோபாவின் இடது அந்தத்தில் இருப்பாள்.
காற்றாடிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.
இல்லை, நினைக்கக்கூட இல்லை.
அது கொப்பியில் இல்லாத அளவு.

அடுத்த நாள் ரிமோட்டோடு மல்லுக்கட்டினேன்.
ஐந்தையும் ஒன்றாக்கி, வலப்பக்கம் தள்ளி,
நடுப்பெட்டியைக் கூட்டி...
"ஆக்கள் கதைக்கிறது விளங்குது, காணும்" என்றாள்.
காணும் என்ற சொல்லில்
இரண்டு வருடச் சம்பள மிச்சம் போய் உட்கார்ந்தது.

பிறகு அவளாகத்தான் எழும்பினாள்.
மூலையில் கிடந்த வூஃபரைக்
காலால் தள்ளித் தள்ளி
தன் இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள்.
"படத்தைப் போடுங்கோ. அந்த மழை."
மேலே உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இஞ்ச," என்றாள்.
"இந்தப் பக்கமும் பெய்யுது."

அந்த இடம் தவறு.
வூஃபரைச் சோபாவோடு ஒட்டி வைக்கக்கூடாது,
மூன்று பக்கம் எதிரொலிக்கும், பலகை அதிரும்,
படிக்கத் தெரிந்த எவனும் சொல்வான்.
கொப்பியில் எழுதினேன்:
வூஃபர், சுகிர்தாவின் இடது கையிலிருந்து
பூச்சியம்.

பின்-இடது இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வயரைக் கழற்ற மனம் வரவில்லை.
ஊதிய மூலையின் வெடிப்பால்
பல்லி ஒன்று போய்வருகிறது.
வெள்ளிக்கிழமை ரஜீபன் கூப்பிட்டான்,
பரந்தனில் ஒருவன் புரொஜெக்ரர் விற்கிறானாம்,
விளக்கு கொஞ்சம் மஞ்சளாம்.